குடலில் எரிந்த விளக்கு

மார்ச் 3

நாத்தனாருக்கு,

நலம் விசாரிக்க இதை எழுதவில்லை. அடுத்தவர் உடம்பைப் பற்றியே கவலைப்படுகிறவர்களுக்குத் தன் உடம்பு கெடாது, ஆகையால் நீ நன்றாகத்தான் இருப்பாய்.

நாலு வருஷமாக உன்னோடு நான் பேசவில்லை. இனியும் பேசுவதாக இல்லை. பேசமாட்டேன் என்றுதான் அன்றைக்குச் சொன்னேனே தவிர, எழுதமாட்டேன் என்று சொன்னதாக ஞாபகம் இல்லை. என் ஞாபகம் எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். என் மகள் கல்யாண விருந்தில் நீ கட்டியிருந்த சேலையின் நிறம் முதற்கொண்டு சொல்வேன். மாம்பழ மஞ்சள், இடது தோளில் காபிக் கறை. சம்பந்தி வீட்டார் அத்தனை பேரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, நான் இரண்டாவது துண்டு கேக்கை எடுத்தேன். நீ அந்தக் கோடியிலிருந்து, "அண்ணி! கீழ வையுங்க! சர்க்கரை எகிறிடும்!" என்று கத்தினாய். காலமெல்லாம் பஸ்ஸில் டிக்கெட் கொடுத்த தொண்டை. வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவனுக்குக்கூடக் கேட்டது. அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் சர்க்கரை மாத்திரையைச் சாக்கடையில் கொட்டினேன். உன் வாய்க்காகவே இனி அதைத் தொடுவதில்லை என்று முடிவு செய்தேன். தொடவும் இல்லை. சர்க்கரை தானாக அடங்கிக் கிடக்கிறது. இதையும் தெரிந்துகொள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மார்பில் கட்டி எடுத்ததும், அப்புறம் மருந்து ஏற்றி முடி கொட்டியதும் உனக்கு உன் அண்ணன் சொல்லியிருப்பார். எல்லாம் முடிந்து, உடம்பில் எங்கேயாவது மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கப் போன வாரம் முழு உடம்பு ஸ்கேன் எடுத்தார்கள். சர்க்கரை மாதிரி ஏதோ ஒன்றை ஊசியில் ஏற்றிப் படுக்கவைக்கிறார்கள். புற்று இருக்கிற இடம் அதை இழுத்துக்கொண்டு விளக்கு மாதிரி எரியுமாம். ரிப்போர்ட் வாங்க நான் உள்ளே போனபோது உன் அண்ணன் கீழே காபி வாங்கப் போயிருந்தார்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். படத்தைக் காட்டினாள். என் உருவம் சாம்பல் நிறத்தில் நின்றது. மார்பில் ஒன்றும் இல்லை, அக்குளில் ஒன்றும் இல்லை. வயிற்றில் மட்டும் யாரோ சீரியல் பல்பு சுற்றிவிட்ட மாதிரி குடல் முழுக்க எரிகிறது.

"சர்க்கரை மாத்திரை சாப்பிடுறீங்களாம்மா?"

"நாலு வருஷமா தொட்டதில்ல."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அந்த மாத்திரை சாப்பிடுறவங்களுக்குக் குடல் இப்படித் தெரியும். அதுக்காகத்தான் ஸ்கேனுக்கு முன்னாடியே நிறுத்தச் சொல்லுவோம்."

"யோசிக்க என்ன இருக்கு? மாத்திரை இல்லாமலே எனக்கு சர்க்கரை சரியா இருக்கு. அப்படியே எழுதிக்குங்க."

நான் சொன்ன தோரணையில் அவள் வியந்துபோவாள் என்று நினைத்தேன். அவள் முகம் வாடிப்போனது. "அப்படின்னா என்னன்னு உள்ள கேமரா விட்டுத்தான் பார்க்கணும்" என்றாள்.

உன் அண்ணன் காபியோடு வந்து, "என்ன சொன்னாங்க?" என்றார். "எல்லாம் சுத்தம்னாங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் காபியைக் கீழே வைத்துவிட்டு வராந்தாவில் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டார். அந்த மனிதனிடம் மறுபடி எப்படிச் சொல்வேன்? மகளிடம் சொன்னால் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவாள். யாரிடமாவது சொல்லாவிட்டால் என் நெஞ்சு வெடித்துவிடும். மனசுக்குப் பிடித்தவர்களிடம் சொன்னால் அவர்கள் உடைந்துபோவார்கள். ஆகவே உன்னிடம் சொல்கிறேன்.

உன் அண்ணனிடம் மூச்சு விடாதே. அவர் ரொம்ப மாறிவிட்டார். நீ என்னை அவமானப்படுத்தினதற்கு அடுத்த வாரத்திலிருந்து, தினமும் காலையில் அவரே எழுந்து எனக்கு ஓட்ஸ் கஞ்சி வைத்துக் கொடுக்கிறார். வாயில் வைக்கமுடியாத கசப்பு. அடிப்பிடிக்க விட்டுவிடுகிறார் போலிருக்கிறது. ஒரு வார்த்தை சொல்லாமல் குடித்துவிடுகிறேன். தெருவில் எந்தப் பெண்ணுக்கு இந்த யோகம்?

இப்படிக்கு,
உன் அண்ணி


மார்ச் 8

அன்புள்ள அண்ணிக்கு,

உறையில் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ போய்விட்டார்கள் என்று நினைத்து, ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் பிரித்தேன். மூன்று தரம் படித்தேன். முதல் தரம் அழுதேன். இரண்டாம் தரம் அந்தக் காபிக் கறை வந்த இடத்தில் சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். மூன்றாம் தரம் கஞ்சி வந்த இடத்தில் எனக்கு வியர்த்துவிட்டது. ஏன் என்று கேட்காதீர்கள்.

கேக் விஷயத்துக்கு மன்னிப்புக் கேட்டு நான் இதுவரை எத்தனையோ பேரிடம் சொல்லி அனுப்பினேன். உங்கள் காதுக்கு வந்ததா என்று தெரியாது. நான் மெதுவாகத்தான் சொல்ல நினைத்தேன். எனக்கு மெதுவாக என்பதே அவ்வளவு சத்தமாகத்தான் வருகிறது.

அண்ணி, நான் சொல்வதைத் தயவுசெய்து கேளுங்கள். கேமரா விடுவதற்கு முன்னால் அந்த ஸ்கேனை இன்னொரு தரம் எடுக்க முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஆனால் அதற்கு முன்னால் சில நாளைக்குக் கஞ்சி வேண்டாம். ஓட்ஸ் என்பது, நான் எங்கேயோ படித்தேன், அல்லது பக்கத்து வீட்டில் ஒருத்தர் சொன்னார், அது குடலில் பசை மாதிரி ஒட்டிக்கொண்டு மினுமினுக்குமாம், அதுவும் காலையில் வெறும் வயிற்றில், அதுவும் ஆண்கள் வைத்த கஞ்சி என்றால் அவர்கள் சரியாகக் கிளறுவதில்லை பாருங்கள், அதனால். காலையில் நீங்களே ஏதாவது செய்து சாப்பிடுங்கள். அண்ணன் கையால் எதுவும் வேண்டாம். தண்ணீர்கூட.

இதற்கு மேல் எழுத முடியாத நிலையில் இருக்கிறேன். உங்களுக்கு இதோ ஒரு வாக்குக் கொடுக்கிறேன், அண்ணனிடம் சொல்லமாட்டேன் என்று. வேறு ஒருவருக்கு வேறு ஒரு வாக்கு. இரண்டுக்கும் நடுவில் புட்போர்டில் தொங்குகிறவன் மாதிரி தொங்குகிறேன்.

பயப்படாதீர்கள். எனக்கென்னவோ அது நீங்கள் நினைப்பது இல்லை என்று பலமாகத் தோன்றுகிறது. மிகப் பலமாக.

உங்கள் நாத்தனார்


மார்ச் 13

பொய்க்காரிக்கு,

நீ பொய் சொல்லும்போது உன் வாக்கியம் முடியவே முடியாது. எனக்குக் கல்யாணமான புதிதில் என் கண்ணாடி வளையலை உடைத்துவிட்டுப் பூனை உடைத்தது என்று சொன்னாயே, அதுவும் இப்படித்தான் நீண்டது. கிளறாத கஞ்சி மினுமினுக்குமாம்! என்னை யார் என்று நினைத்தாய்?

முதலில் எனக்கு என்னவெல்லாமோ தோன்றியது. அண்ணனும் தங்கையும் சேர்ந்து எனக்கு விஷம் வைக்கிறார்களோ என்றுகூட நினைத்தேன். அப்புறம் உட்கார்ந்து, கஞ்சி கசந்த நாளையும் கசக்காத நாளையும் நினைத்துப் பார்த்தேன். அவர் காய்ச்சலில் படுத்தபோது மகள் வைத்த கஞ்சி கசக்கவில்லை. அவர் சகலை வீட்டுக்குப் போயிருந்தபோது நானே வைத்தது கசக்கவில்லை. அடிப்பிடித்த கசப்பு என்றால் பாத்திரத்தில் கரி இருக்கவேண்டும். நாலு வருஷமாகப் பாத்திரம் தேய்க்கிறவள் நான். ஒருநாளும் கரி பார்த்ததில்லை.

மறுநாள் காலை தையல் மிஷின் மேல் வேலையைப் பரப்பிவைத்துவிட்டு, அடுப்படிக் கதவுக்குப் பின்னால் போய் நின்றேன். உன் அண்ணன் கஞ்சியை இறக்கினார். சட்டைப்பையிலிருந்து எதையோ எடுத்தார். இரண்டு கரண்டிக்கு நடுவில் அதை வைத்துத் தன் பழைய சுத்தியலின் பிடியால் நசுக்கினார். தச்சு வேலையில் கதவும் ஜன்னலும் செய்த கை. தூள் ஒரு பொட்டுக்கூடச் சிந்தவில்லை.

"என்னங்க அது?"

கரண்டி கீழே விழுந்தது. "உப்பு" என்றார்.

"உப்பை எதுக்குங்க சுத்தியல் பிடியால நசுக்குறீங்க?"

"கல்லுப்பு."

"சட்டைப்பையிலயா வச்சிருக்கீங்க?"

அப்படியே மணையில் உட்கார்ந்துவிட்டார். "அவதான் சொன்னா" என்றார். உன்னைக் காட்டிக்கொடுக்க அவருக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை, இதைக் குறித்து வைத்துக்கொள். மாத்திரை அட்டைகள் கருவிப் பெட்டியில் உப்புத்தாளுக்கு அடியில் இருந்தன. என் பழைய சர்க்கரை டாக்டரிடம் மாதாமாதம் என் பெயரைச் சொல்லி வாங்கி வந்திருக்கிறார். என் ரத்தப் பரிசோதனைச் சீட்டைத் தவறாமல் அவரிடம் கொண்டுபோய்க் காட்டியும் இருக்கிறார். ஊரெல்லாம் அறிந்த ரகசியம், எனக்கு மட்டும் தெரியாது.

என்னால் கத்த முடியவில்லை. ஏனென்றால் நானும் ஒன்றை மறைத்துவைத்திருந்தேன். ஸ்கேனில் குடல் எரிந்ததைச் சொன்னேன். அவர் வெளுத்துப்போனார். டாக்டர் மாத்திரையைப் பற்றிக் கேட்டதையும் சொன்னேன். மனிதர் எழுந்து, "அப்போ அது மாத்திரைதானே? மாத்திரைதானே?" என்று என் தோளைப் பிடித்து உலுக்கிவிட்டுச் சட்டையை உள்வெளியாகப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டார். நானும் பின்னாலேயே ஓடினேன். அப்படியேதான் டாக்டர் முன்னால் போய் நின்றார்.

அந்தப் பெண் கேட்டுவிட்டு மேஜைமேல் தலையைக் கவிழ்த்துச் சிரித்தாள். அப்புறம் நிமிர்ந்து அவரைப் பிடிபிடியென்று பிடித்தாள். "ஐயா, தெரியாம மாத்திரை கொடுக்கறது எவ்வளவு ஆபத்து தெரியுமா? இவங்களுக்கு மருந்து ஏத்தினப்போ ஏதாவது ஆகியிருந்தா?" ஜன்னல் கண்ணாடி அதிரும்படி திட்டினாள். எனக்கு அவளை மிகவும் பிடித்துவிட்டது. மாத்திரையை நிறுத்திவிட்டு இன்னொரு ஸ்கேன் எடுக்கலாம் என்று நாள் கொடுத்திருக்கிறாள்.

உன்மேல் எனக்கு எவ்வளவு கோபம் என்று எழுத இந்தத் தாள் போதாது. மாத்திரைக்காக இல்லை. என் புருஷன் எனக்குக் கஞ்சி வைக்கிறார் என்று சீருடை தைக்க அளவு கொடுக்க வந்தவர்களிடமெல்லாம் பெருமை அடித்தேனே, அதற்காக.

உன் அண்ணி


மார்ச் 18

அன்புள்ள அண்ணிக்கு,

அண்ணன் போனில் எல்லாவற்றையும் சொன்னான். "சிக்கிட்டேன், உன்னையும் சிக்க வச்சுட்டேன்" என்று ஆரம்பித்தான். நாலு வருஷத்துக்கு அப்புறம் நேற்றுத்தான் நன்றாகத் தூங்கினேன்.

திட்டுங்கள். ஆனால் கஞ்சியைப் பற்றி ஒரு விஷயம் உங்களுக்குத் தெரியவேண்டும். நீங்கள் மாத்திரையைக் கொட்டின மறுநாள் அண்ணன் எனக்குப் போன் செய்து, "உன் வாயால வந்த வினை, நீயே வழி சொல்லு" என்றான். பொடி செய்து பாலில் கலந்து கொடு என்றேன். நான் சொன்னது அவ்வளவுதான். "அவளுக்குப் பால் வாசனை ஆகாது" என்றான். சரி, டீயில் என்றேன். "டீயை அவளே போட்டுக்குவா, என் டீயை வாயில வைக்கமாட்டா" என்றான். எதையாவது செய் என்று போனை வைத்துவிட்டேன். ஒரு வாரம் கழித்து, "கஞ்சி வைக்கக் கத்துக்கிட்டேன்" என்றான். அதற்கு முன்னால் வெந்நீர் வைக்கத் தெரியாதவன் அவன். பக்கத்துத் தெரு மெஸ்ஸில் போய் நின்று கற்றுக்கொண்டானாம். அங்கேயே மூன்று பாத்திரத்தைத் தீய்த்திருக்கிறான்.

ஆகவே நீங்கள் அடித்த பெருமை வீண் போகவில்லை. மாத்திரை என் யோசனை. கஞ்சி அவனுடையது.

ஸ்கேன் எடுத்ததும் எழுதுங்கள். போன் செய்தாலும் எடுப்பேன். செய்யமாட்டீர்கள் என்று தெரியும்.

நாத்தனார்


மார்ச் 27

நாத்தனாருக்கு,

இரண்டாவது ஸ்கேன் ஆயிற்று. விளக்கெல்லாம் அணைந்துவிட்டது. டாக்டர் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். அன்றைக்கு எரிந்த குடல் இன்றைக்குக் கறுப்பாகக் கிடக்கிறது. உன் அண்ணன் கைதட்டியேவிட்டார்.

அவர் தட்டி முடித்தபிறகு, டாக்டர் விரலை ஒரு இடத்தில் வைத்தாள். ஒரே ஒரு புள்ளி மட்டும் அணையவில்லை. இடுப்பெலும்புக்குப் பக்கத்தில் குடலில், சட்டைப் பொத்தான் அளவு. முதல் படத்தில் சுற்றிலும் எரிந்த வெளிச்சத்தில் அது தெரியவே இல்லை.

"இது மாத்திரை இல்லம்மா" என்றாள்.

"மார்பில இருந்தது இங்க வந்துடுச்சா?"

"அப்படி வர்றது அபூர்வம். வெறும் சதை வளர்ச்சியா இருக்கலாம். இல்ல, குடல்லயே புதுசா ஆரம்பிக்கிறதா இருக்கலாம். பார்த்தாத்தான் சொல்ல முடியும்."

நான் பொத்தான் தைத்தே காலத்தை ஓட்டியவள். இன்றைக்கு ஒரு பள்ளிச் சட்டைக்குப் பொத்தான் வைக்க எடுத்தேன். எடுத்த பொத்தானைத் திரும்ப டப்பாவில் போட்டுவிட்டேன்.

கேமரா விடுவது ஏப்ரல் நாலாம் தேதி. முந்தின நாள் முழுக்க ஏதோ பேதி மருந்து குடிக்கவேண்டுமாம். உன்னை வா என்று நான் எழுதவில்லை. உன் அண்ணனுக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் தனியாக உட்கார வராது, எழுந்து எழுந்து நடப்பார், கதவுகளின் கீலை ஆட்டிப் பார்ப்பார். அவருக்குத் துணைக்கு ஆள் இருந்தால் தேவலை. இதைத் தகவலாக மட்டும் சொல்கிறேன்.

அண்ணி


ஏப்ரல் 7

அன்புள்ள அண்ணிக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். என் மகன் பெண்டாட்டிக்கு லீவு முடிந்துவிட்டது, பேரக்குழந்தையைப் பார்க்க ஆள் இல்லை. இல்லாவிட்டால் முடிவு வரும்வரை இருந்திருப்பேன். பஸ்ஸில் வரும்போது அந்தக் கண்டக்டர் பையன் சில்லறைக்குத் திணறினான், இறங்கும்வரை நானே பாதி டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தேன். மனசு அமைதியாக இருந்தால் இதெல்லாம் தோன்றாது.

மூன்று நாள் ஒரே வீட்டில் இருந்தும் நீங்கள் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. உங்கள் பிடிவாதத்துக்கு ஒரு கும்பிடு. "அவளைத் தள்ளி உட்காரச் சொல்லுங்க", "அவ காபியில சர்க்கரை போதுமான்னு கேளுங்க" என்று அண்ணனை நடுவில் வைத்தே பேசினீர்கள். பேதி மருந்து குடித்த அன்று, பாத்ரூமுக்குள் இருந்துகொண்டே, "வெளிய யார் நிக்கிறாங்களோ, அவங்க துண்டு எடுத்துக் கொடுக்கலாம்" என்றீர்களே! வெளியே நான் மட்டும்தான் நின்றேன். அண்ணன் கடைக்குப் போயிருந்தான்.

ஒரு விஷயம் உங்களுக்குத் தெரியாது. சொல்லவேண்டாம் என்று அண்ணன் சொன்னான். அவன் பேச்சைக் கேட்டது போதும். உங்களை அந்த அறையிலிருந்து தள்ளிக்கொண்டு வந்தபோது மயக்கம் முழுக்கத் தெளியவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏண்டி, அந்தக் கேக் எவ்வளவு ருசியா இருந்துச்சு தெரியுமா? நீ ஒரு நிமிஷம் கழிச்சுக் கத்தியிருக்கக்கூடாதா?" என்றீர்கள். நர்ஸ் சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை. இல்லை, சிரித்தேன். அழுதுகொண்டே.

உள்ளே பார்த்த டாக்டர் அங்கேயே அந்தச் சதையைக் கத்தரித்து எடுத்துவிட்டதாகச் சொன்னார். பார்வைக்கு ஒன்றும் மோசமாக இல்லை, ஆனால் பரிசோதனைக்கு அனுப்பி முடிவு வந்தால்தான் உறுதியாகச் சொல்லமுடியும் என்றார். பார்வைக்கு என்ற வார்த்தையை வைத்துக்கொண்டு எத்தனை நாள் தள்ளுவது? முடிவு வந்ததும் அன்றைக்கே எழுதுங்கள்.

உங்கள் நாத்தனார்


ஏப்ரல் 15

நாத்தனாருக்கு,

உட்கார்ந்துகொண்டு படி. முடிவு வந்துவிட்டது. புற்று இல்லை.

மார்பில் இருந்தது அங்கே போகவும் இல்லை, குடலில் புதிதாக ஆரம்பிக்கவும் இல்லை. அது ஒரு சதை முளை. இன்னும் சில வருஷம் விட்டுவைத்திருந்தால் அது புற்றாக மாறியிருக்கக்கூடுமாம். இப்போது வேரோடு எடுத்தாயிற்று. "உங்க குடல் மட்டும் அன்னைக்கு அப்படி எரியாம இருந்திருந்தா இந்தப் புள்ளி முதல் படத்துலயே தெரிஞ்சிருக்கும், ஒரு ஸ்கேன் மிச்சம்" என்று டாக்டர் உன் அண்ணனைப் பார்த்துச் சொன்னாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டார். ஆக, நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து என்னைக் காப்பாற்றினீர்கள் என்று யாரும் சொல்ல வழியில்லை. இதில் எனக்குப் பரம திருப்தி.

கேக்கைப் பற்றி நான் அப்படிச் சொல்லவே இல்லை. மயக்கத்தில் பேசியது கணக்கில் வராது. அந்தக் கேக்கில் வெண்ணெய் கம்மி.

சர்க்கரை மாத்திரையை இப்போது என் கையால் எடுத்து, டாக்டர் சொன்ன நேரத்தில், தண்ணீரில் விழுங்குகிறேன். உனக்காக இல்லை, அந்தப் பெண்ணுக்காக. முதல் நாள் அப்படி விழுங்கிவிட்டு அடுப்படிப் பக்கம் திரும்பினேன். உன் அண்ணன் வேலை போன மனிதர் மாதிரி கையைப் பிசைந்துகொண்டு நின்றார். "கஞ்சி எங்க?" என்றேன். "அதான் மாத்திரை போட்டுக்கிட்டியே" என்றார். "மாத்திரை வேற, கஞ்சி வேற. வையுங்க" என்றேன். வைத்தார். கசக்கவில்லை. உப்பும் இல்லை. மனிதருக்கு இத்தனை நாளும் ருசியைப் பற்றி அக்கறையே இருந்ததில்லை என்று இப்போதுதான் தெரிகிறது. கற்றுக்கொடுக்கவேண்டும்.

கிளம்பும்போது டாக்டர், "குடலை மறுபடி ஒரு தரம் பார்க்கணும். மூணு வருஷம் கழிச்சு வாங்க" என்றாள். எனக்குச் சரியாகக் கேட்கவில்லையோ என்று திரும்பக் கேட்டேன். மூன்று வருஷம்தான். இந்த ஒரு வருஷமாக எனக்கு எல்லாரும் அடுத்த வாரம், அடுத்த மாசம் என்றுதான் நாள் கொடுத்தார்கள். அடுத்த மாசத்தைத் தாண்டி என் பெயரை எந்த ஆஸ்பத்திரிக்காரனும் எழுதினதில்லை.

கீழே தேதி குறித்துக் கொடுக்கிற கவுன்டரில் ஒரு பெண் இருந்தாள். கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டே போய், மூன்று வருஷத்துக்கு அப்பால் ஒரு ஏப்ரல் மாதத்தைத் திறந்தாள். அங்கே யார் பெயரும் இல்லை, எல்லாக் கட்டமும் காலி. "பதினஞ்சாம் தேதி காலையில வர முடியுமாம்மா?" என்றாள்.

உன் அண்ணன் பின்னாலிருந்து, "வந்துடுவா, வந்துடுவா" என்று அவசரப்பட்டார். நான் அவரைக் கையால் தடுத்துவிட்டு, புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டேன்.

"இருங்க" என்றேன் அவளிடம். "ஜூன்ல பள்ளிக்கூடம் திறக்கும், அதுக்கு ஏப்ரல்லயே எனக்குச் சீருடைத் தையல் வேலை நிறைய வந்துடும். வேற தேதி இருக்கா, பாருங்க."

உன் அண்ணி